உடைந்த ஸ்லோ குக்கரும் இலவம்பஞ்சுத் தலையணையும்

போன ஆனி மாதம் அக்காவும் அத்தானும் நியூ ஜெர்சியிலிருந்து வந்தபோது, பெட்டிக்குள் சாக்லேட்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு ஸ்லோ குக்கர் இருந்தது. அங்கே பத்து வருஷம் உழைத்த சாமான். புதிது வாங்கிவிட்டதால் பழையது எனக்கு. முட்டை வடிவத்தில் கனத்த பீங்கான் தொட்டி, கண்ணாடி மூடி, சுற்றி ஒரு தகர உடம்பு, முன்னால் ஒரே ஒரு திருகு. "காலையில எல்லாத்தையும் போட்டுட்டு வேலைக்குப் போ மாப்ள, சாயந்திரம் வந்தா சாப்பாடு ரெடி" என்றார் அத்தான். அம்மா கண்ணாடி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆச்சி வறட்டித் தணல்ல பால் வச்சிருப்பாள்லா, அதுதான இது?" என்று கேட்டாள். அதுதான். ஆனால் அத்தான் எதிரில் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த குக்கர் மூன்று மாதம்கூட ஓடவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அது உடைந்த கதை, அதற்குப் பதிலாக நான் செய்த சூட்டுப்பெட்டி, இரண்டிலும் மிச்சச் சாப்பாட்டை வைத்துப் பட்ட பாடு எல்லாவற்றையும் ஒரு பழைய டைரியில் டிகிரி கணக்கோடு குறித்து வந்தேன். அதைத்தான் இங்கே எடுத்து எழுதுகிறேன்.

முதலில் கரண்ட். குக்கரின் அடியில் 120 வோல்ட், 210 வாட் என்று பொறித்திருந்தது. நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். சூடாக்கும் கம்பிக்குத் தடை மாறாது. வோல்ட் இரண்டு மடங்கானால் வாட் நாலு மடங்காகும். கணக்குப் போட்டால் 210 வாட் சாமான் இங்கே 770 வாட் இழுக்கும். சில நிமிஷத்தில் கம்பி போய்விடும், கூடவே வேறு எதுவும் போகலாம். வெளிநாட்டிலிருந்து வந்த மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் நம் ஊர்ப் பரண்களில் தூங்குவதற்கு இதுதான் காரணம். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் வோல்ட்டைக் குறைத்துத் தரும் 500 வாட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். செங்கல் கனம். ராத்திரி முழுக்க 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். அதுவும் 110 வோல்ட்தான் தந்தது. 110-க்கு அந்த குக்கர் 176 வாட்தான் எடுக்கும். அமெரிக்கச் சமையல் குறிப்பில் எட்டு மணி நேரம் என்றிருந்தால் எனக்கு ஒன்பதரை ஆனதன் ரகசியம் இது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. லோ, ஹை என்று இரண்டு அளவு இருப்பதால் லோவில் கொஞ்சமாகவும் ஹையில் கொதிக்கக் கொதிக்கவும் வேகும் என்று நினைத்திருந்தேன். கம்பி வைத்த தெர்மாமீட்டரை மூடி இடுக்கு வழியாக விட்டுப் பார்த்தால், இரண்டும் கடைசியில் போய் நிற்கும் இடம் ஒன்றுதான். 95 டிகிரியைச் சுற்றி, கொதிப்பதற்கும் கொதிக்காததற்கும் நடுவே. அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் வேகத்தில்தான் வித்தியாசம்.

ஸ்லோ குக்கரைக் கண்டுபிடித்தவர் இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்க யூதர். 1940-இல் காப்புரிமை கிடைத்தது. 1971-இல் வேறொரு கம்பெனி 'கிராக் பாட்' என்று பெயர் வைத்து விற்ற பிறகுதான் அது வீட்டுக்கு வீடு போனது. அவருடைய அம்மா சொன்ன கதையிலிருந்து வந்த யோசனையாம். யூதர்களின் ஓய்வு நாளான சப்பாத்தில், அதாவது சனிக்கிழமையில், அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், லித்துவேனியாவில் வில்னா ஊர் யூதர்கள் வெள்ளிக்கிழமையே பயறும் இறைச்சியும் நிறைத்த பானையை ரொட்டிக் கடைக்குக் கொடுத்துவிடுவார்களாம். அடங்கிப்போன ரொட்டி அடுப்பின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க அது வெந்துகொண்டிருக்கும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நான் சொன்னேம்லா" என்றாள்.

சரி, உடைந்த கதைக்கு வருகிறேன்.

ஆடி அமாவாசைக்கு வீட்டில் ஆள் கூட்டம். சாம்பார் மூன்று லிட்டர் போல மிஞ்சிவிட்டது. ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் காலையில் அப்படியே குக்கர் தொட்டியில் ஊற்றி லோவில் வைத்துவிட்டு ஆபீஸ் கிளம்ப நினைத்தேன். நல்லவேளையாக அன்று அரை நாள் லீவு. தெர்மாமீட்டரைச் செருகிவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வைக்கும்போது 6 டிகிரி. ஒரு மணி நேரம் கழித்து 22. இரண்டாவது மணியில் 38. மூன்றாவதில் 51. 60-ஐத் தொட நாலு மணி நேரம்.

சாப்பாட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும் சூடு 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. நான் செய்தது அந்தக் கிருமிகளுக்கு நாலு மணி நேரம் வெந்நீர்க் குளியல் வைத்துக் கொடுத்த மாதிரி. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அதற்கப்புறம் மிச்சத்தை நேராக ஸ்லோ குக்கரில் ஊற்றும் துணிச்சல் போய்விட்டது. பச்சையாகப் போடும் பருப்புக்கும் எலும்புக்கும் அது சரியான சாமான். ஏற்கெனவே வெந்து, ஆறி, ஃப்ரிட்ஜில் கிடந்து வந்ததற்கு முதலில் அடுப்பில் தளதளவென்று ஒரு கொதி வேண்டும். அப்புறம்தான் அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

இந்தப் பாடத்தைப் பாதி மட்டும் படித்ததால்தான் தொட்டி போனது. அடுத்த வாரம், சோம்பேறித்தனமாக, அடுப்பில் கொதிக்க வைப்பதற்குப் பதிலாகக் குக்கரையே முன்கூட்டிச் சூடு பண்ணினால் என்ன என்று தோன்றியது. காலித் தொட்டியை ஹையில் ஒரு மணி நேரம் வைத்தேன். நன்றாகச் சுட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து கூட்டுச் சட்டியை எடுத்துக் கவிழ்த்தேன். 'டக்' என்று தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். விளிம்பிலிருந்து அடி வரை ஒரு கோடு. கூட்டின் தண்ணீர் அந்தக் கோட்டு வழியாக இறங்கித் தகரத்தில் 'சுர்' என்றது. காலித் தொட்டியைச் சூடு பண்ணுவதே தப்பு. சுட்ட பீங்கானில் பனிக்குளிர்ச்சியை ஊற்றியது அதைவிடப் பெரிய தப்பு.

பீங்கானை ஒட்டலாமா என்று பார்த்தேன். குழாய் ஒட்டும் பசையைச் சாப்பாடு படும் இடத்தில் வைக்க மனசு வரவில்லை. அப்புறம் அளவாக ஒரு ஸ்டீல் பாத்திரத்தைத் தேடி உள்ளே இறக்கிப் பார்த்தேன். இந்தக் குக்கரில் கம்பி அடியில் கிடையாது, பக்கச் சுவரைச் சுற்றி ஓடுகிறது. பீங்கான் தொட்டி அந்தச் சுவரோடு ஒட்டி உட்காரும். வட்ட ஸ்டீல் பாத்திரத்துக்கும் முட்டை வடிவத் தகரத்துக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி. நாலு மணி நேரத்துக்கு அப்புறமும் தண்ணீர் 58 டிகிரிதான். தகர உடம்பும் டிரான்ஸ்ஃபார்மரும் பரணுக்குப் போயின. மூடி மட்டும் இன்றைக்கும் இருப்புச்சட்டியை மூட உதவுகிறது.

பெட்டி செய்த படலம்

நாகர்கோவிலில் சித்தி வீட்டில் தெர்மல் குக்கர் இருக்கிறது. கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் இது சாதாரணம். மட்டை அரிசியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் கொதிக்க வைத்துப் பானையோடு சூடு போகாத ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜாடிக்குள் இறக்கி மூடிவிட்டால், ஒரு மணி நேரத்தில் சோறு வெந்திருக்கும். கேஸ் எரிவது அந்த முதல் கொதிக்கு மட்டும்தான். இதையே ஐரோப்பாவில் வைக்கோல் பெட்டியாகச் செய்தார்கள். நார்வேக்காரர் ஒருவர் செய்த பெட்டியை 1867 பாரிஸ் கண்காட்சியில் வைத்திருக்கிறார்கள். கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் தொட்டியை உடைத்த கையோடு மறுபடி காசு கேட்க மனைவியிடம் எனக்கு முகம் இல்லை.

முதல் பெட்டி மீன் மார்க்கெட்டில் கிடைத்த தெர்மோகோல் பெட்டி. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, எலுமிச்சம் பழத்தோல் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். சூடான பானையை உள்ளே வைத்ததும் சாளை மீன் எழுந்து வந்தது. அன்று வெந்த துவரம்பருப்பில் கருவாட்டு வாசனை. அம்மா வெள்ளிக்கிழமை அதுவுமாகச் சமையல்கட்டையே கழுவிவிட்டாள்.

இரண்டாவது பெட்டி தெரு முனை மருந்துக் கடையில் சும்மா கிடைத்தது. இன்சுலின் ஊசி வரும் பெட்டி. சுவர் ஒன்றரை அங்குல கனம், மூடி படிந்து உட்கார்ந்தது, எந்த வாசனையும் கிடையாது. செய்ய நினைப்பவர்கள் மருந்துக் கடையில் கேளுங்கள், மார்க்கெட் பக்கமே போக வேண்டாம்.

அதிலும் முதல் நாள் ஒரு கோணல். அடுப்பிலிருந்து இறக்கிய பானையை நேராக உள்ளே வைத்தேன். தெர்மோகோல் 100 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். பானையின் அடி அதைவிடச் சூடாக இருந்திருக்கும். எடுத்துப் பார்த்தால் பெட்டியின் தரையில் வட்டமாக ஒரு பள்ளம், பானையின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நாறியது. கீறி எடுக்க அரை மணி நேரம். அப்புறம் தேங்காய் நார்ப் பிரிமணை ஒன்றை அடியில் போட்டு, அதன் மேல் பழைய மரப்பலகைத் துண்டு, அதன் மேல் நாலாக மடித்த துண்டு என்று வைத்தேன். இறக்கிய பானையையும் இரண்டு நிமிஷம் மேடையில் நிறுத்திவிட்டே உள்ளே வைக்கிறேன். அந்தப் பள்ளத்துக்கு அப்புறம் எதுவும் இளகவில்லை.

பக்கத்து இடுக்குகளில் பழைய வேட்டிகளைச் சுருட்டித் திணித்தேன். காற்று ஓட இடமே இருக்கக்கூடாது. மேலேதான் சூடு அதிகம் போகும். அதற்குக் கிடைத்தது ஆச்சியின் இலவம்பஞ்சுத் தலையணை. இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே குழல் மாதிரி காலி, காற்றுதான் நிறைந்திருக்கும். சூட்டைப் பிடித்து வைக்க அதைவிட மலிவாக ஒன்றும் கிடைக்காது. தலையணையைப் பானையின் மேல் அமுக்கி வைத்து, அதன் மேல் பெட்டியின் மூடி, மூடி மேல் அம்மியின் குழவி. குழவி எதற்கு என்று மகள் கேட்டாள். மூடி எழும்பக் கூடாது, அவ்வளவுதான்.

ஆவியில் தலையணை உறை நனைந்து, மூன்றாம் நாள் ஈரத்துணி வாடை வந்தது. அதிலிருந்து பானையை முதலில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டால் சுற்றுகிறேன். துண்டைத் தினம் துவைக்கலாம், தலையணையை முடியாது. வாரம் ஒரு தடவை வெயிலில் போட வேண்டும்.

முதல் சோதனை வெறும் தண்ணீர். 5 லிட்டர் ஸ்டீல் பானையில் நாலரை லிட்டர், கொதிக்கக் கொதிக்க வைத்து மூடினேன். ஒரு மணி நேரத்தில் 92, நாலு மணியில் 80, எட்டு மணியில் 67. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகத்தான் இருந்தது. அதே பானையில் ஒரு லிட்டர் மட்டும் வைத்துப் பார்த்த அன்று ஐந்தாம் மணியிலேயே 55-க்கு வந்துவிட்டது. நிறைந்த பானைதான் சூட்டைப் பிடித்து வைக்கும். கால் பானை சீக்கிரம் ஆறிவிடும்.

எங்களுக்கோ தினம் நாலு பேர் சமையல். பருப்பு 150 கிராம் வேக ஐந்து லிட்டர் பானையா? இதற்கு வழி ஒரு பழைய வங்காளச் சாமானிலிருந்து கிடைத்தது. 1910-இல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்ற டாக்டர் 'இக்மிக் குக்கர்' என்று ஒன்றைச் செய்தார். டிபன் கேரியர் மாதிரி அடுக்கு, வெளியே ஓர் உருளை, அடியில் கொஞ்சம் கரி. பற்ற வைத்துவிட்டுப் போனால் சோறும் பருப்பும் காயும் ஒரே ஆவியில் மெதுவாக வேகும். அடுக்கு யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெரிய பானையில் பாதிக்கு மேல் கொதிதண்ணீர், அதற்குள் ஒரு சின்னத் தூக்குச்சட்டியில் தனியாகக் கொதித்த பருப்பு. தூக்கு மிதக்காமல் நிற்கும் அளவு தண்ணீர். பருப்பு ஒன்றே முக்கால் மணி நேரத்தில் விரலில் மசியும். மிஞ்சும் வெந்நீரில் புளி கரைக்கலாம், பாத்திரமும் கழுவலாம்.

எது வெந்தது, எது வேகவில்லை

துவரம்பருப்பில் இரண்டு விஷயம் கற்றேன். ஒரு நாள் அவசரத்தில் பருப்போடு புளித்தண்ணியையும் சேர்த்தே வைத்துவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்தும் பருப்பு முழுசு முழுசாக, நாக்கில் தட்டியது. புளிப்பு இருந்தால் பருப்பின் உட்சுவர் இளகாது. பிரஷர் குக்கரின் அடாவடியில் அது தெரியாமல் போகும், மெதுவாக வேகும்போது காட்டிக்கொடுத்துவிடும். புளி, தக்காளி எல்லாம் வெந்த பிறகுதான். இன்னொரு நாள் ஆற்றுத் தண்ணீர் வராமல் போர் தண்ணீரில் வைத்தேன். அன்றும் அப்படியே. பாளையங்கோட்டையில் எங்கள் பகுதி போர் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது. அந்த உப்புதான் பருப்பையும் இறுக்கிவிடுகிறது. தாமிரபரணித் தண்ணீரில் வேகும் பருப்புக்கு ஈடு கிடையாது என்று எங்கள் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வதில் கொஞ்சம் ரசாயனமும் இருக்கிறது.

புழுங்கலரிசி பிரமாதம். அரைக்கிலோ அரிசி, மூன்றரை லிட்டர் தண்ணீர், பத்து நிமிஷம் கொதி, பெட்டியில் 50 நிமிஷம், அப்புறம் வடிப்பு. கஞ்சியும் கிடைக்கும். ஒரு நாள் போனில் பேசிக்கொண்டே மறந்து இரண்டு மணி நேரம் விட்டுவிட்டேன், குழைந்துபோய்விட்டது. அம்மா அதில் சீரகமும் பச்சை மிளகாயும் உப்பும் அரைத்துப் போட்டுப் பிசைந்து மொட்டை மாடியில் வேட்டி விரித்துச் சோற்று வற்றல் கிள்ளி வைத்தாள். "நெதம் மறந்துரு" என்றாள் மகள், வற்றல் பொரித்த அன்றைக்கு.

கொண்டைக்கடலை ராத்திரி ஊறி, இருபது நிமிஷம் கொதித்து, பெட்டியில் மூன்று மணி நேரம், நடுவில் எடுத்து இன்னொரு கொதி, மறுபடி இரண்டு மணி நேரம். வேலை மெனக்கெட்ட வேலை. இதற்குப் பிரஷர் குக்கரே போதும் என்பது என் அபிப்பிராயம்.

ராஜ்மாவுக்கு மட்டும் விளையாட்டு வேண்டாம். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு, ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்று பெயர். நாலைந்து பயறு சரியாக வேகாமல் உள்ளே போனாலே வாந்தியும் பேதியும் வரும். முழுக்கொதியில்தான் அது அழியும். 80 டிகிரியில் மிதமாக வெந்த ராஜ்மாவில் பச்சை ராஜ்மாவைவிட நச்சு கூடும் என்பது பரிசோதனையில் கண்டது. ஸ்லோ குக்கரும் சூட்டுப்பெட்டியும் சுற்றிக்கொண்டிருப்பது சரியாக அந்தச் சூட்டில்தான். ராத்திரி ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதித்த பிறகே பெட்டிக்குள் போகலாம். மகள் கேட்டாள் என்று ஒரு தடவை செய்தேன். அதற்கப்புறம் தட்டப்பயறிலேயே திருப்திப்படச் சொல்லிவிட்டேன்.

நல்லி எலும்பு ரசம்தான் பெட்டிக்கென்றே பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் எலும்பு தனியாக நிற்கும். அதை மிளகு, சீரகம், தட்டிய சின்ன வெங்காயம், மஞ்சள், உப்போடு அரை மணி நேரம் கொதிக்க வைத்து, நுரையை எடுத்துவிட்டு, பானை நிறையத் தண்ணீரோடு உள்ளே வைத்தால், ஆறு மணி நேரத்தில் எலும்பை ஒட்டிய சவ்வெல்லாம் கரைந்து தண்ணீர் விரலில் பிசுபிசுக்கும். பிரஷர் குக்கரில் அந்தப் பிசுபிசுப்பு வரும், ஆனால் ரசம் கலங்கிவிடும். இது தெளிவாக இருக்கும்.

அந்த ரசத்தில்தான் அம்மாவோடு சண்டை. ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வைத்தது, காலையில் தூங்கிவிட்டேன். எடுக்கும்போது பத்தரை. பதினாலரை மணி நேரம். தெர்மாமீட்டர் 49 காட்டியது. வாசனை அருமை, பார்க்கவும் அருமை. நான் கீழே ஊற்றப் போனேன். "கொதிக்க வச்சாப் போவும்லா, எம்புட்டு எலும்பு!" என்று அம்மா பானையைப் பிடித்துக்கொண்டாள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சரி. ஆனால் கறிச்சாற்றில் வரும் சில கிருமிகளின் வித்து கொதியிலும் சாகாது, 45 டிகிரி பக்கம் ஆறும்போது முளைத்து அசுர வேகத்தில் பெருகும். சோற்றில் வரும் இன்னொரு கிருமி விடும் நஞ்சை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழிக்க முடியாது. இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அம்மாவிடம் விளக்க முடியவில்லை. ஊற்றிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. அன்றிலிருந்து ராத்திரி பெட்டியே கிடையாது. காலையில் வைப்பது, 65-க்குக் கீழே போகும் முன் எடுப்பது, அடுத்த வேளைக்கு வேண்டுமானால் மறுபடி ஒரு கொதி.

மிச்சச் சோறு விஷயத்தில் அம்மா சொல்வதும் புத்தகம் சொல்வதும் ஒன்றாகவே இருந்தன. சாப்பிட்டு முடித்த கையோடு சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும் என்பாள், சாயந்திரம் வரை சட்டியில் கட்டியாகக் கிடக்க விடமாட்டாள். தண்ணீர் ஊற்றினால் சூடு சட்டென்று இறங்கும், அப்புறம் புளிப்பு ஏறி மற்ற கிருமியை அண்டவிடாது. ஃப்ரிட்ஜில் வைப்பதானாலும் இரண்டு மணி நேரத்துக்குள் வைத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் ராத்திரி வரை சூடு இருக்கும். தட்டில் பரத்தி ஆறவிட்டு வைப்பது உத்தமம். தேங்காய் அரைத்த கூட்டும் அவியலும்தான் முதலில் ஊசும், அவற்றை மிச்சம் வைக்காமல் இருப்பதே நல்லது.

பொங்கலுக்கு மறுநாள்

இவ்வளவும் செய்த தைரியத்தில் பொங்கல் மிச்சத்துக்கும் பெட்டியைத்தான் நினைத்தேன். எங்கள் வீட்டில் பொங்கலன்று சிறுகிழங்கு, சேனை, சேம்பு, வாழைக்காய், அவரை, பூசணி என்று பத்துக் காய்க்குக் குறையாது. சாம்பாரும் புளிக்குழம்பும் பொரியலும் கட்டாயம் மிஞ்சும். மிஞ்ச வேண்டும் என்றே கூடுதலாகச் செய்வார்கள். மறுநாள் அதையெல்லாம் ஒன்றாகக் கொட்டிச் சுண்ட வைப்பதுதான் சுண்டக்கறி. நாஞ்சில் நாட்டில் பழங்கறி என்பார்கள். பழைய சோற்றுக்கு அதை மிஞ்சிய ஒன்று இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி, அடுப்பு முன் இரண்டு மணி நேரம் நிற்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து முறையாகப் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, நிறைந்த பானையாகப் பெட்டியில் வைத்தேன். நாலு மணி நேரம் கழித்துத் திறந்தால், போட்டது போட்டபடி. காய் குழைந்திருந்தது, குழம்பு நீர்க்க இருந்தது, புளிப்பு ஒரு பக்கம் காரம் ஒரு பக்கமாக நின்றது. அம்மா கரண்டியால் எடுத்து ஊற்றிப் பார்த்தாள். "சுண்டலையே ஐயா" என்றாள்.

எப்படிச் சுண்டும்? மூடிய பானையில் ஆவி மூடியில் முட்டித் திரும்பி உள்ளேயே சொட்டுகிறது. ஒரு துளித் தண்ணீர்கூட வெளியே போக வழியில்லை. அத்தானின் ஸ்லோ குக்கரிலும் இதே கதைதான், கூட்டு எப்போதும் தண்ணியாக வந்ததற்குக் காரணம் அப்போது புரியவில்லை. அதில் மூடிக்கு அடியில் ஓர் அகப்பைக் காம்பைக் குறுக்கே வைத்திருந்தால் ஓரளவு சுண்டியிருக்கும். பெட்டியில் அதற்கும் வழியில்லை, மூடி திறந்தால் சூடே போய்விடும். எலும்பிலிருந்து சத்து இறங்க மூடிய சூடு வேண்டும். சுண்டக்கறிக்குத் திறந்த சட்டியும் போகிற ஆவியும் வேண்டும். இரண்டுக்கும் மெதுவாக என்ற பேர் ஒன்றாக இருந்ததால் நான்தான் குழப்பிக்கொண்டேன்.

பெரிய மண்சட்டியைக் கழுவி எடுத்தேன். அதற்குள் எல்லாவற்றையும் மாற்றி, சின்ன பர்னரில் தீயைக் கொசுவர்த்தி அளவுக்கு இறக்கி, அம்மாவுக்கு அடுப்பு முன் ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். அடி பிடிக்காமல் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மரக்கரண்டியால் அடியோடு கிளற வேண்டும். காய் ஏற்கெனவே குழைந்திருந்ததால் அரை மணி நேரம் மிச்சம். ஒரு மணி நேரத்தில் விளிம்பில் எண்ணெய் கக்கியது. நிறம் செங்கல்லிலிருந்து கருஞ்சிவப்புக்கு வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் கரண்டியை நட்டால் நிற்கும் பதம். கடைசியில் நல்லெண்ணெயில் கறிவேப்பிலையும் ஒரு மிளகாய் வற்றலும் தாளித்து ஊற்றினாள். சிறுகிழங்கு மட்டும் உருக்குலையாமல் உள்ளே கிடந்தது. சேனையும் பூசணியும் எது எது என்று தெரியவில்லை.

பழைய சோற்றில் மோர் விட்டு, நடுவில் குழி செய்து அதில் வைத்துச் சாப்பிட்டோம். மனைவி மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். மிஞ்சிய இரண்டு கரண்டியை அன்று சாயந்திரமே சட்டியோடு கொதிக்க வைத்துத் தோசைக்குத் தொட்டுத் தீர்த்துவிட்டோம்.

பெட்டி சும்மா இருக்கவில்லை. நான் சுண்டக்கறிச் சட்டியோடு நின்ற நேரத்தில் அம்மா அதில் வெதுவெதுப்பான பாலை உறை ஊற்றி வைத்திருந்தாள், மார்கழிக் குளிர் இன்னும் போகவில்லை, தயிர் கட்டியாக உறையாது என்று. ராத்திரி எடுத்தபோது தயிர் வெட்டி எடுக்கும் பதம். இப்போது பெட்டி அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நான் எலும்பு வைக்க வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். தலையணை மட்டும் மொட்டை மாடியில் காய்கிறது.